மதுரையில் மூன்று மணிக்கு ஒன்றும் கிடைக்காது

“ரெண்டு நாள் மதுரைக்கு வர்றோம். எங்கெங்க சாப்பிடலாம்னு ஒரு லிஸ்ட் அனுப்பு.”

வருஷத்துக்கு ஏழெட்டுப் பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். சொந்த ஊர் மதுரை என்று எங்கேயோ வாயை விட்டதன் பலன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எந்தக் கோபுர வாசல் வழியாகப் போனால் வரிசை குறைவு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கீழடிக்கு எப்படிப் போவது என்று ஒரே ஒருவர் கேட்டார். அவரும் அடுத்த வரியிலேயே, “அங்க பக்கத்துல நல்ல மெஸ் இருக்கா?” என்றார்.

முன்பெல்லாம் நானும் சளைக்காமல் பட்டியல் அனுப்புவேன். பதினைந்து கடை, எந்தத் தெரு, அங்கே என்ன விசேஷம் என்று எழுதியே வைத்திருந்தேன். கேட்டவுடன் வாட்ஸப்பில் தட்டிவிட வேண்டியதுதான். ஊர் திரும்பியதும் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். மீதிப் பேர் உண்மையைச் சொல்வார்கள். “நீ சொன்ன கடை பூட்டிக் கிடந்துச்சுப்பா.” “பேருதான் பெரிசு.” இவர்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சு என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொள்வேன்.

போன வருஷம் கோயம்புத்தூர் நண்பன் ஒருவன் மனைவி, அம்மாவோடு வந்தான். அந்தச் சமயம் நானும் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்ததால் இரண்டு நாளும் கூடவே சுற்றினேன். அப்போதுதான் தெரிந்தது, கோளாறு என் பட்டியலில் என்று. அதில் கடை இருந்தது, தெரு இருந்தது, மணி இல்லை.

முதல் நாள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகச் சொன்னவர்கள் பத்துக்குக் கிளம்பி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே மாட்டி, மதுரைக்குள் நுழையும்போது மணி இரண்டே முக்கால். நண்பன் போனில் மேப்பைத் திறந்து காட்டினான். பதினெட்டு இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். மதுரைக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

அம்மா சுத்த சைவம். கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தை லாட்ஜ் ரூமிலேயே சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்துவிட்டார். அன்றைக்குப் புத்திசாலி அவர் ஒருவர்தான். நாங்கள் மூன்று பேரும் பேர்பெற்ற ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். பேர் எதற்கு, விடுங்கள். பரிமாறுகிறவர்கள் கடைசி மேஜையில் உட்கார்ந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அயிரை மீன் குழம்பு? “முடிஞ்சிருச்சுண்ணே.” கோலா உருண்டை? “முடிஞ்சிருச்சு.” நண்டு ஆம்லெட்? ஒருவர் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “சுக்கா இருக்கு, தரவா?” என்றார். வந்த சுக்கா ஆறிப்போய், எண்ணெய் ஓரத்தில் உறைந்து நின்றது. நாங்கள் கேட்காத இரண்டு தட்டுகளும் மேஜைக்கு வந்தன, அப்புறம் பில்லுக்கும் வந்தன.

வெளியே வந்து, வயிறு முட்ட இருக்கும்போதே ஜிகர்தண்டா. பட்டியலில் இருக்கிறதே! அதன்பிறகு நண்பன் விடாமல், கறி தோசைக்குச் சிம்மக்கல் போகலாம் என்று ஆட்டோவை நிறுத்தினான். மணி நாலரை. ஆட்டோக்காரர் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

“இப்பப் போயி என்ன செய்யப் போறீங்க? அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டாங்க. அங்கிட்டு நின்னு போர்டத்தான் பாக்கணும்.”

போர்டைத்தான் பார்த்துவிட்டு வந்தோம். ஏழரை மணிக்கு, ஊரில் கல்லெல்லாம் சூடேறி, இட்லிச் சட்டிகளில் ஆவி பறக்க ஆரம்பிக்கும் நேரத்தில், நண்பன் லாட்ஜில் எலுமிச்சை சோடாவோடு படுத்திருந்தான்.

தூங்கா நகரம் என்று பட்டம் கொடுத்துவிட்டதால் எந்த நேரமும் எல்லாம் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ராத்திரி விழித்திருக்கிறவன் பகலில் எப்போதாவது தூங்கத்தானே வேண்டும்? மதுரை மத்தியானம் மூன்றிலிருந்து நாலரை வரை தூங்குகிறது. கோயிலே பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கிறது. மதிய அடுப்பு அணைந்து, ராத்திரி அடுப்பு பற்றாத அந்த இடைவெளியில் போய் நின்றால் எந்தப் பெரிய பேரும் கைகொடுக்காது.

ராத்திரி விழிப்பதும் சும்மா இல்லை. கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரம், கீழமாரட் வீதி வெங்காய மண்டி, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட், லாரி, பஸ், சுமை தூக்குகிறவர்கள் என்று ராத்திரியில் வேலை செய்கிறவர்கள் நிறைந்த ஊர் இது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி மில் வந்தபிறகு ஷிப்ட் வேறு சேர்ந்துகொண்டது. நள்ளிரவில் வேலை முடிந்து வருகிறவனுக்கு இட்லி வேண்டும், விடியலில் மூட்டை இறக்குகிறவனுக்குத் தெம்பாக எதையாவது குடிக்க வேண்டும். அந்தப் பசிக்காகப் போட்ட அடுப்புகளில்தான் நாம் போய் ‘மதுரை ஸ்பெஷல்’ என்று போட்டோ எடுக்கிறோம். இது நேற்றைய பழக்கமும் இல்லை. மதுரைக்காஞ்சியில் பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று தனித்தனிப் பெயரே உண்டு. அதிலேயே இரண்டாம் சாமத்தில், அடையும் மோதகமும் விற்கிற கூவியர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிற காட்சியும் வருகிறது. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் எந்த இட்லி வண்டிப் பக்கம் போனாலும் அதே ஆளை இன்றைக்கும் பார்க்கலாம்.

சரி, இரண்டாம் நாளுக்கு வருவோம். போனை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதிகாலை ஐந்தே முக்காலுக்கு லாட்ஜ் கதவைத் தட்டினேன். நண்பன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா குளித்து முடித்து, திருநீறு பூசித் தயாராக இருந்தார்.

முதலில் பருத்திப்பால். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரம், அடியில் மெல்லிய நெருப்பு, பக்கத்தில் ஒரு தூக்கில் தேங்காய்த் துருவல். பருத்திக்கொட்டையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பால் எடுக்க வேண்டும். முதல் பால், இரண்டாம் பால் என்று வடிகட்டி, கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து ஊற்றி, கொஞ்சம் அரிசி மாவு, சுக்கு, ஏலம் சேர்த்து அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூழும் இல்லாமல் பாயசமும் இல்லாமல் ஒரு பதம். தொண்டையில் இறங்கும்போது சுக்கு லேசாகச் சுடும். அப்புறம் தேங்காய் பல்லில் மாட்டும். மாட்டுக்குப் போடுகிற பருத்திக்கொட்டையையா மனுஷன் குடிப்பது என்று நண்பனின் மனைவி தயங்கினார். அம்மாதான் முதலில் டம்ளரைக் காலி செய்தார். “எங்கூர்ல எத்தனை மில்லு, எவ்வளவு பஞ்சு! இதை ஒருத்தனும் குடிக்கறதுக்குக் கண்டுபுடிக்கலியே கண்ணு” என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

பருத்திப்பாலை ராத்திரியும் விற்கிறார்கள். ஆனால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, மூடிய கடைகளுக்கு நடுவே கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கூட்டம் இல்லாத சித்திரை வீதியில் நாலு பக்கமும் கோபுரம் தெரிய நடப்பது அந்த ஒரு மணி நேரம்தான் சாத்தியம்.

நடக்கும்போது வீதிப் பெயர் பற்றி நண்பன் கேட்டான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக விரிந்துகொண்டே போய் வெளி வீதியில் முடியும். எந்த மாதத் திருவிழா எந்தச் சதுரத்தில் சுற்றியதோ அந்த மாதத்தின் பெயர். ஆனால் சித்திரைத் தேர் இப்போது ஓடுவது மாசி வீதியில். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றியதிலிருந்து அப்படித்தான். மாசி வீதியில் சித்திரைத் தேர் ஓடுகிற ஊரில் பெயரை நம்பி எதையும் தேடக் கூடாது. கடைகளும் அதே கதைதான். ஒரு பெயர் புகழ்பெற்றால் நாலு தெரு தள்ளி அதே பெயரில் இன்னொன்று. அதற்குப் போட்டியாக ‘ஒரிஜினல்’ என்று மூன்றாவது போர்டு. எது அசல் என்று உள்ளூர்க்காரர்களே டீக்கடையில் சண்டை போடுவார்கள்.

ஏழரைக்குள் இட்லி. முருகன் இட்லிக் கடை இங்கே பிறந்து சென்னை, சிங்கப்பூர் வரை போன கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே போவதில் தப்பில்லை, மேஜையில் விரித்த வாழை இலையில் வரிசையாக விழும் சட்னிகளுக்காகவே போகலாம். ஆனால் சென்னையிலேயே சாப்பிடக்கூடியதை மதுரைக்கு வந்து எதற்கு என்று நான் வண்டிக் கடைக்கு அழைத்துப் போனேன். மாசி வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு அக்கா போட்டிருக்கும் கடை. பெயர் இல்லை. பெயிண்ட் உதிர்ந்த மர பெஞ்சு ஒன்று, ஈயச்சட்டி இரண்டு.

துணியை நனைத்துப் போட்டு ஊற்றிய இட்லி. தட்டைக் கவிழ்த்து, துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால் பூ மாதிரி வந்து விழும். மேலே தண்ணிச் சட்னி. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறார்கள். கோவைக்காரர்களுக்குச் சட்னி என்றால் கெட்டியாக, கரண்டியில் எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் நிற்க வேண்டும்.

“ஏங்கண்ணு, சட்னி என்னத்துக்கு இப்படி ரசமாட்ட இருக்குது?” என்றார் அம்மா.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவர், பதில் சொல்லாமல் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். இட்லி மூழ்கிவிட்டது. “ஊறட்டும்மா, பைய சாப்பிடுங்க.” பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, கொஞ்சம் தேங்காய், மேலே கடுகு தாளிப்பு, அவ்வளவுதான் அந்தச் சட்னி. தொட்டுக்கொள்ளச் செய்ததில்லை, ஊறவைக்கச் செய்தது. இரண்டாம் இட்லிக்கு அம்மாவே தட்டை நீட்டி, “தண்ணியா ஊத்துங்க” என்றார். பக்கத்தில் இருந்தவர் தட்டில் இட்லியோடு குடல் குழம்பு இருந்ததை அவர் பார்க்காதபடி நான் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். காலையிலேயே இட்லிக்குக் குடலும் ஆட்டுக்கால் பாயாவும் மதுரையில் சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டரைக்கு மேல் மிச்சம் இருக்காது.

இந்த வண்டிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரே ஒரு கணக்குதான். வண்டியைச் சுற்றி நின்று சாப்பிடுகிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் யாராகவும் இருக்கலாம். தூக்குச்சட்டியோடு வந்து பார்சல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்த தெருவில் அடுப்பு வைத்திருக்கிற ஒரு வீட்டுக்காரி, தன் பிள்ளைகளுக்கு இந்தச் சட்னி ஒத்துக்கொள்ளும் என்று பாத்திரம் கொண்டுவருகிறாள் என்றால் அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒன்றும் சாப்பிடாதீர்கள். ஒரு காபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் பழைய சைவ ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன, அங்கே குடிக்கலாம். அம்மா அன்று மதியம் அங்கேதான் இலைச் சாப்பாடு சாப்பிட்டார். குறையில்லை, ஆனால் எனக்கு எழுத ஒன்றுமில்லை. சைவச் சாப்பாட்டில் மதுரை மதியத்தில் ஜெயிப்பதில்லை, சாயங்காலம்தான் ஜெயிக்கும்.

அசைவ மெஸ்ஸுக்கு மதியம் பன்னிரண்டே முக்காலுக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். தல்லாகுளம், அழகர்கோவில் ரோடு பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எதற்குப் போனாலும் விஷயம் ஒன்றுதான், இலை போட்டதும் தாம்பாளம் வரும். சுக்கா, ஈரல், மூளை, கோலா, விரால் வறுவல், நண்டு என்று எல்லாவற்றையும் குட்டிக் குட்டித் தட்டுகளில் அடுக்கி மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். பசித்த வயிற்றுக்கு முன்னால் அதைவிடக் கொடிய வியாபாரத் தந்திரம் கிடையாது. கண்ணில் படுவதையெல்லாம் தலையாட்டினால் மூன்று பேர் பில் முப்பது பேர் பில் மாதிரி வரும். இரண்டே இரண்டைக் காட்டி, விலையை வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பக்கத்து இலைக்காரர் நிம்மதியாகத் தானும் கேட்பார். எலும்பு மஜ்ஜை ஆம்லெட் இருந்தால் அந்த இரண்டில் ஒன்று அது.

இன்னொன்று அயிரை. விரல் நீளம்கூட இல்லாத மீன். கண்மாயிலும் ஆற்றுச் சேற்றிலும் கிடப்பது. உயிரோடுதான் வாங்குவார்கள். வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்க வேண்டும் என்று பாலில் விடுவார்கள். சிலர் தேங்காய்ப் பாலில். அப்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசினால் வழவழப்புப் போகும். தலையும் முள்ளும் சேர்த்து முழுசாகக் குழம்புக்குள் போகும், முழுசாகத்தான் வாய்க்குள்ளும் போகும். லேசாக ஒரு கசப்பு அடியில் தெரியும், அந்தக் கசப்புக்குத்தான் காசு. கிலோ 1,000 ரூபாயைத் தாண்டி விற்கிற மீன், அதனால் ஒரு மெஸ்ஸில் ஒரு நாளைக்கு வைப்பதே கொஞ்சம்தான். முதல் நாள் மூன்று மணிக்கு எங்களுக்குக் கிடைக்காததில் என்ன ஆச்சரியம்? நண்பன் முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு, “மண்ணு வாசனை வருதுடா” என்றான். வரட்டும், ஆற்று மீன்தானே. அவன் மனைவி ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கிண்ணம் குழம்பு கேட்டு வாங்கினார்.

பகல் மூன்றுக்கு என்ன செய்வது? தூங்குங்கள். நாங்கள் தூங்கினோம்.

நாலரைக்கு மேல் ஊர் மறுபடி கண் திறக்கும். முதலில் எண்ணெய்ச் சட்டிகள் காயும். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிரேமவிலாஸில் அல்வாவைச் சூடாக ஒரு இலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். நெய் விரலிடுக்கில் வழியும். கூடவே கொஞ்சம் காரம் வாங்கிக்கொள்வது வழக்கம். டப்பாவில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோகும் அல்வா வேறு, நின்ற இடத்தில் சுடச்சுட வாயில் போடும் அல்வா வேறு. பாக்கெட் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அம்மாவுக்கு அன்றைய நாள் முள்ளுமுருங்கை வடையில்தான் நிறைந்தது. திருமலை நாயக்கர் மகால் பக்கம், சௌராஷ்டிரர்கள் வாழும் தெருக்களில் சாயங்காலம் மட்டும் தலைகாட்டுகிற பண்டம். கல்யாண முருங்கை என்றும் சொல்வார்கள். அந்த இலையை ஊறவைத்த அரிசியோடு அரைத்து, தட்டி, எண்ணெயில் போட்டால் பச்சை நிறத்தில் பூரி போல உப்பும். எடுத்தவுடன் மேலே இட்லிப் பொடியைத் தூவிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வடை என்று பெயர், உளுந்து வடையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சளிக்கு நல்லது என்பார்கள், சளியில்லாமலே நான் நாலு சாப்பிடுவேன். நெசவோடு இந்த ஊரில் ஊன்றிய சமூகம் அது. வீட்டில் பேசும் மொழி வேறு, சமையல் ருசியும் வேறு. 1636இல் கட்டி முடித்த மகாலைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அடுத்த சந்துக்குள் நுழைந்து இந்த வடையைப் பார்ப்பதில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை.

ஜிகர்தண்டாவுக்கும் இதுதான் நேரம். விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் இருக்கிற பேமஸ் ஜிகர்தண்டா கடையில் கூட்டம் எப்போதும் தெருவில்தான் நிற்கும். இடையில் ஒரு தகவல். அந்த விளக்குத்தூண், பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நட்டது. 1840களில் கோட்டைச் சுவர்களை இடித்து ஊரை வெளியே விரித்தவர் அவர்தான். அந்த வேலையைச் செய்த சர்வேயர் மாரட் பெயரில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி பெயரில் இன்னொரு வீதி. ஜிகர் என்றால் ஈரல் அல்லது நெஞ்சு, தண்டா என்றால் குளிர்ச்சி. ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், நிறம் மாறும்வரை சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். ஸ்பூனால் கலக்காமல் அடியிலிருந்து மேலே ஒரு இழுப்பு இழுத்துச் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி. கலக்கிக் குடிப்பவர்களோடு எனக்குப் பகை இல்லை, அவ்வளவு நெருக்கமும் இல்லை.

எட்டு மணிக்கு அம்மாவை லாட்ஜில் விட்டுவிட்டுச் சிம்மக்கல். நேற்று போர்டைப் பார்த்த அதே கோனார் மெஸ். இந்த முறை கல்லுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. கறி தோசையை மேஜையில் உட்கார்ந்து வாங்காதீர்கள், போடுவதைப் பாருங்கள். மாவைத் தேய்ப்பதில்லை. ஊத்தப்பம் மாதிரி கனமாக ஊற்றி, ஓரத்தை மட்டும் கரண்டியின் முதுகால் வட்டமாக்குகிறார். அது பாதி வேகும்போதே முட்டையை அடித்து மேலே விடுகிறார். முட்டை வழிந்து ஓடுவதற்குள் கொத்துக்கறிச் சுக்காவை அள்ளிப் போட்டுப் பரப்புகிறார். மிளகும் வெங்காயமும் ஏறிய கறி. சுற்றி எண்ணெய். அப்புறம் ஒரே திருப்பு. கறிப்பக்கம் கல்லில் படும்போது ஒரு சத்தம் வருமே, வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். தோசைத் திருப்பியால் அழுத்தி, கொஞ்சம் பொறுத்து, இலையில் போடுகிறார். அடியில் மொறுமொறு, நடுவில் பஞ்சு, மேலே கறி. மேலே ஊற்றக் குழம்பு தருவார்கள். முதல் பாதியைக் குழம்பு இல்லாமல் சாப்பிடுங்கள்.

ஒரு கறி தோசையை இரண்டு பேர் பங்கு போடலாம். போடத்தான் வேண்டும். மதுரையில் தனியாக வருகிறவனைவிட மூன்று பேராக வருகிறவன் நன்றாகச் சாப்பிடுவான், எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் எட்டு இடம் தாங்கும். பிறகு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நாங்கள் சிம்மக்கல்லில் இருந்து பாலத்துக்கு நடந்து, தண்ணீர் இல்லாத வைகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். சித்திரையில் அழகர் இறங்குகிற நாளில் இதே ஆற்றில் நிற்க இடமிருக்காது, கேட்காமலே கையில் பானகமும் நீர்மோரும் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்குக் கடை பற்றிக் கவலையே வேண்டாம்.

பத்து மணிக்கு மேல்தான் பரோட்டா. கொத்துகிற சத்தத்துக்குத் தாளம் கட்டி ரசிக்கிற காலம் எனக்குப் போய்விட்டது. இப்போது பன் பரோட்டாதான். சிறியதாக, தடிமனாக, எண்ணெயில் முக்கால்வாசி மிதந்து வேகும். வெளியே பிஸ்கட் மாதிரி, பிய்த்தால் உள்ளே இழை இழையாக. ஆவின் சந்திப்பு பக்கம் இதற்கென்றே கூட்டம் போகும். சால்னா ஊற்றி ஊறவிட்டு, பக்கத்தில் ஒரு கலக்கி. முட்டை முழுசாக வேகாமல், மசாலாவோடு தளதளவென்று கிண்ணத்துக்குள் நடுங்கும் அந்தக் கலக்கி சரியாக வர, போடுகிறவருக்கு நிதானம் வேண்டும். கடை மூடும் அவசரத்தில் போட்டால் ஆம்லெட் ஆகிவிடும். இப்போது நிறைய இடங்களில் பதினொன்றுக்கே ஷட்டர் பாதி இறங்கிவிடுகிறது என்பதால் பத்தேகால்தான் நல்ல நேரம். மூன்று பேரும் சேர்ந்து இரண்டு பரோட்டாவுக்கு மேல் முடியவில்லை. நண்பனின் மனைவி இலையை மூடிக்கொண்டே, “அண்ணே, நேத்து இந்த நேரத்துக்கு இவர் சோடா குடிச்சிட்டுப் படுத்திருந்தார்” என்றார். நண்பன் கேட்காத மாதிரி கை கழுவப் போனான்.

ஒன்றை மறந்துவிட்டேன். அமாவாசை, வெள்ளிக்கிழமை, புரட்டாசி சனிக்கிழமை இதெல்லாம் பார்த்து வாருங்கள். அந்த நாட்களில் மெஸ்களில் கூட்டம் குறையும், அதற்குத் தகுந்தபடி அடுப்பில் ஏறுவதும் குறையும். உட்கார இடம் ஈசியாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். அழகர்கோவில் பக்கம் போனால் கோயில் தோசையை விட்டுவிடாதீர்கள். தோல் உளுந்து, மிளகு, சீரகம் போட்டு நெய்யில் வேகவைக்கிற கனத்த பிரசாதத் தோசை அது. பல்லுக்கு வேலை வைக்கும், மறுநாளும் கெடாது. நண்பனின் அம்மா மூன்று வாங்கிப் பேப்பரில் சுற்றி, புடவைக்கு நடுவே வைத்துக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனார்.

பழைய பட்டியலை இப்போது யாருக்கும் அனுப்புவதில்லை. வருகிறவர்களிடம் எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன். போன வாரம் ஆபீஸ் தம்பி ஒருவன் போன் செய்தான்.

“அண்ணே, நாளைக்கு மதுரை. எங்க சாப்பிடலாம், சொல்லுங்க.”

“எப்பப் போய்ச் சேருவ?”

“மூணு, மூணேகால் ஆகும்ணே.”

“திண்டுக்கல்லயே சாப்பிட்டுட்டுப் போ.”